வான்படங்களின் இடமாறு தோற்றத்தால் நிலவுயரம் அளத்தல்

வான்படங்களின் இடமாறு தோற்றத்தால் நிலவுயரம் அளத்தல் என்பது, வானூர்தியிலிருந்து அடுத்தடுத்து எடுக்கப்பட்டு ஒன்றன்மேல் ஒன்று பகுதியளவு பொருந்தும் இரண்டு ஒளிப்படங்களைக் கொண்டு, நிலத்திலுள்ள புள்ளிகளின் உயர வேறுபாட்டைக் கணிக்கும் முறையாகும். இது ஒளிப்பட அளவையியலின் அடிப்படை முறைகளுள் ஒன்று. ஒரே நிலப்பகுதியை இரு வேறு இடங்களிலிருந்து நோக்கும்போது உயரமான பொருள்கள் தாழ்வான பொருள்களை விடக் கூடுதலாக இடம்பெயர்ந்து தோன்றுகின்றன. இந்த இடப்பெயர்ச்சியின் வேறுபாட்டை மில்லிமீட்டர் நுட்பத்தில் அளந்தால் நிலத்தின் உயர வேறுபாட்டை மீட்டரில் பெறலாம். நிலப்படங்களில் சமவுயரக் கோடுகள் வரைதல், அணை, கால்வாய், சாலை, தொடர்வண்டிப் பாதை ஆகியவற்றுக்கான தொடக்க ஆய்வு, காட்டு மரங்களின் உயரத்தைக் கணித்தல் முதலியவற்றுக்கு இம்முறை பயன்படுகிறது.

இக்கட்டுரையில் தருமபுரி மாவட்டத்தின் பாலக்கோடு வட்டார நில அமைப்பு எடுத்துக்காட்டாகக் கொள்ளப்பட்டுள்ளது.

இடமாறு தோற்றம்

நோக்குபவரின் இடம் மாறும்போது ஒரு பொருள் தன் பின்னணியைச் சார்ந்து இடம் மாறியதுபோலத் தோன்றுவது இடமாறு தோற்றம் எனப்படும். சேலத்திலிருந்து தருமபுரி, பாலக்கோடு, ராயக்கோட்டை, ஓசூர் வழியாகப் பெங்களூர் செல்லும் தொடர்வண்டியின் சன்னலோரம் அமர்ந்திருப்பவருக்கு, பாதையோரத் தென்னை மரங்கள் விரைந்து பின்னோக்கி ஓடுவதாகவும், தொலைவிலுள்ள குன்றுகள் மெதுவாக நகர்வதாகவும் தோன்றும். அருகிலுள்ள பொருளின் தோற்ற நகர்வு மிகுதி; தொலைவிலுள்ளதன் நகர்வு குறைவு.

வானூர்தியிலிருந்து கீழ்நோக்கும் படக்கருவிக்கும் இதுவே பொருந்தும். குன்றின் உச்சி படக்கருவிக்கு அருகிலும் சமவெளி தொலைவிலும் உள்ளன. எனவே அடுத்தடுத்த இரு படங்களில் உச்சியின் நகர்வு சமவெளியின் நகர்வைவிடக் கூடுதலாக இருக்கும். மனிதரின் இரு கண்களும் ஏறத்தாழ 65 மில்லிமீட்டர் இடைவெளியில் இருந்து இதே வேறுபாட்டைக் கொண்டே ஆழத்தை உணர்கின்றன. வான்படங்களில் இந்த இடைவெளி ஒன்றிரண்டு கிலோமீட்டராக விரிகிறது. அதனால்தான் மிக உயரத்திலிருந்து வெறுங்கண்ணுக்குத் தட்டையாகத் தெரியும் நிலம், படச்சோடியில் மேடு பள்ளங்களுடன் எழுந்து நிற்கிறது.

வரலாறு

1838ஆம் ஆண்டு சார்ல்சு வீட்ஸ்டன், சற்றே வேறுபட்ட இரு படங்களை ஒவ்வொரு கண்ணுக்கும் தனித்தனியே காட்டினால் முப்பரிமாணக் காட்சி உண்டாகும் என்பதை விளக்கினார். அதற்கு அவர் அமைத்த கருவி ஸ்டீரியோஸ்கோப் எனப்படும் திண்மக்காட்டி ஆகும். 1858இல் நாடார் என்னும் பிரான்சு நாட்டு ஒளிப்படக் கலைஞர் பலூனிலிருந்து படமெடுத்தார். 1901இல் செருமனியில் கார்ல் புல்ஃப்ரிச்சும், தென்னாப்பிரிக்காவில் ஹென்றி ஃபோர்கேடும் தனித்தனியாக, படச்சோடியில் இடமாற்றை நுட்பமாக அளக்கும் கருவிகளை உருவாக்கினர். முதல் உலகப்போரின்போது வான்படம் எடுத்தல் விரைந்து வளர்ந்தது.

இந்தியத் துணைக்கண்டத்தில் நிலத்தை அறிவியல் முறையில் அளக்கும் பணி வான்படத்துக்கு மிக முற்பட்டது. இந்திய நில அளவைத் துறை 1767இல் தொடங்கப்பட்டது. வில்லியம் லாம்டன் 1802 ஏப்ரல் 10 அன்று சென்னை பரங்கிமலை அருகே தம் பெரும் முக்கோண அளவைக்கான அடிக்கோட்டை அளக்கத் தொடங்கினார். அதற்கும் முன்பே, 1792இல் பாராமகால் பகுதி கிழக்கிந்தியக் கம்பெனியின் வசம் வந்தபின், அலெக்சாண்டர் ரீடும் அவருடைய உதவியாளர்களுள் ஒருவரான தாமசு மன்றோவும் இன்றைய தருமபுரி, கிருட்டிணகிரி பகுதிகளின் வயல்களை வரி விதிப்புக்காக அளந்தனர். அத்தகைய வருவாய் அளவையின் நோக்கம் பரப்பை அறிவதே. இன்றும் நில உரிமையாளர் வட்டாட்சியர் அலுவலகத்தில் பெறும் புலப்படத்தில் எல்லைகளின் நீளம் இருக்கும். நிலத்தின் உயரம் இராது. உயரத்தை அறிய இடக்கிடப்பு நிலப்படத்தையே நாட வேண்டும்.

1924இல், அன்று பிரித்தானிய இந்தியாவின் பகுதியாக இருந்த பர்மாவில், ஐராவதி ஆற்றுக் கழிமுகக் காடுகள் வானிலிருந்து படமெடுக்கப்பட்டன. விடுதலைக்குப் பின், 1966இல் நெதர்லாந்தின் ஒத்துழைப்புடன் தேராதூனில் இந்திய ஒளிப்பட விளக்க நிறுவனம் அமைக்கப்பட்டது. அது பின்னர் இந்தியத் தொலையுணர்வு நிறுவனம் எனப் பெயர் மாறியது.

படமெடுக்கும் முறை

அளவைக்கான வானூர்தி, நேரான பறப்புத் தடத்தில், கூடியவரை மாறா உயரத்தில் பறக்கும். படக்கருவி செங்குத்தாகக் கீழ்நோக்கி இருக்கும். மரபான படச்சுருள் படக்கருவிகளின் சட்டகம் 23 செ.மீ. × 23 செ.மீ. அளவுடையது. ஒரே தடத்தில் அடுத்தடுத்த படங்கள் ஏறத்தாழ 60 விழுக்காடு மேற்பொருந்தும். அடுத்தடுத்த தடங்கள் பக்கவாட்டில் 20 முதல் 30 விழுக்காடு வரை மேற்பொருந்தும்.

நிலத்தின் ஒவ்வொரு புள்ளியும் குறைந்தது இரு படங்களில் விழவேண்டும். அதற்கு 50 விழுக்காடு போதும் என்று தோன்றலாம். ஆனால் நிலம் உயர்ந்தால் படம் அடக்கும் பரப்பு குறைகிறது. எனவே மேற்பொருந்தலும் குறைகிறது. தருமபுரி ஏறத்தாழ 470 மீட்டர் உயரத்திலும் ஓசூர் ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்திலும் உள்ளன. இவ்விரண்டுக்கும் இடையே நிலம் ஏறிச்செல்லும் வழியில் பாலக்கோடு அமைந்துள்ளது. சமவெளிக்கு மேல் 3,000 மீட்டரில் 60 விழுக்காடு மேற்பொருந்தலுடன் தொடங்கும் தடம், நிலம் 400 மீட்டர் உயர்ந்த இடத்தில் ஏறத்தாழ 54 விழுக்காடாகச் சுருங்கும். நிலம் 700 மீட்டர் உயர்ந்தால் 48 விழுக்காடாகி, எந்தச் சோடியிலும் அடங்காத இடைவெளிகள் உண்டாகிவிடும். எனவே மலைப்பாங்கான இடங்களில் பறப்புத் திட்டத்தை நிலவுயரத்துக்கு ஏற்ப மாற்றி அமைப்பர்.

கணித அடிப்படை

இரு படங்களும் ஒரே உயரத்திலிருந்து, சாய்வின்றி எடுக்கப்பட்டன எனக் கொள்வோம். பின்வரும் அளவுகள் தேவைப்படுகின்றன.

குவியத் தூரம்: படக்கருவியின் வில்லைக்கும் படத்தளத்துக்கும் இடையிலுள்ள தூரம்.
வான் அடி: இரு படங்கள் எடுக்கப்பட்ட இடங்களுக்கு இடையிலுள்ள தூரம்.
பறப்பு உயரம்: ஒப்பீட்டுத் தளத்துக்கு மேல் வானூர்தியின் உயரம்.
புள்ளியின் இடமாறு: ஒரு புள்ளி இரு படங்களிலும் அமைந்துள்ள இடங்களின் வேறுபாடு. இது ஒவ்வொரு படத்தின் முதன்மைப் புள்ளியிலிருந்து பறப்புத் திசையில் அளக்கப்படும்.

வடிவொத்த முக்கோணங்களின் விதிப்படி,

இடமாறு = (குவியத் தூரம் × வான் அடி) ÷ (பறப்பு உயரம் − புள்ளியின் உயரம்)

புள்ளி உயர உயர வகுக்கும் எண் சிறிதாகி, இடமாறு பெரிதாகிறது. ஒப்பீட்டுத் தளத்திலுள்ள ஒரு புள்ளிக்கும் உயரமான மற்றொரு புள்ளிக்கும் இச்சமன்பாட்டை எழுதி ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால், குவியத் தூரமும் வான் அடியும் மறைந்து பின்வரும் பயனுள்ள வாய்பாடு கிடைக்கிறது.

உயர வேறுபாடு = (பறப்பு உயரம் × இடமாறு வேறுபாடு) ÷ (அடிப்புள்ளியின் இடமாறு + இடமாறு வேறுபாடு)

இதன் சிறப்பு என்னவெனில், இடமாறுகளை முழுமையாக அளக்க வேண்டியதில்லை. அவற்றின் வேறுபாட்டை நுட்பமாக அளந்தால் போதும். அடிப்புள்ளியின் இடமாற்றுக்குப் பதிலாக, ஒரு படத்தின் முதன்மைப் புள்ளிக்கும் அடுத்த படத்தின் முதன்மைப் புள்ளி அதே படத்தில் விழும் இடத்துக்கும் இடையிலுள்ள தூரத்தைக் கொள்வது வழக்கம். இது பட அடி எனப்படும்.

எடுத்துக்காட்டு

பின்வரும் எண்கள் கணக்கின் போக்கைக் காட்டுவதற்காக எடுத்துக்கொள்ளப்பட்டவை. பாலக்கோட்டைச் சுற்றியுள்ள சமவெளிக்கு மேல் 3,000 மீட்டர் உயரத்தில் வானூர்தி பறக்கிறது. படக்கருவியின் குவியத் தூரம் 150 மில்லிமீட்டர். எனவே சமவெளியில் படத்தின் அளவுத்திட்டம் 1:20,000 ஆகும். 230 மில்லிமீட்டர் சட்டகம் 4.6 கிலோமீட்டர் நிலத்தை அடக்கும். 60 விழுக்காடு மேற்பொருந்தினால் வான் அடி 1.84 கிலோமீட்டர், பட அடி 92 மில்லிமீட்டர்.

ஒரு குன்றின் அடிவாரத்தில் இடமாறு அளவுகோலின் அளவீடு 11.20 மில்லிமீட்டர் எனவும் உச்சியில் 17.77 மில்லிமீட்டர் எனவும் கிடைத்ததாகக் கொள்வோம். இடமாறு வேறுபாடு 6.57 மில்லிமீட்டர்.

உயர வேறுபாடு = (3,000 × 6.57) ÷ (92 + 6.57) = 19,710 ÷ 98.57 = 200 மீட்டர் (ஏறத்தாழ)

சிலர் எளிமைக்காக வகுக்கும் எண்ணிலுள்ள இடமாறு வேறுபாட்டை விட்டுவிடுவதுண்டு. அவ்வாறு செய்தால் விடை 214 மீட்டர் என வரும். சில மீட்டர் உயரமுள்ள மரத்துக்கோ கட்டடத்துக்கோ இந்த எளிமை தீங்கற்றது, குன்றுக்குப் பொருந்தாது.

இதே கணக்கிலிருந்து நுட்பத்தின் எல்லையையும் அறியலாம். அளவீட்டில் 0.01 மில்லிமீட்டர் வேறுபாடு ஏறத்தாழ 0.33 மீட்டர் உயரத்துக்கு ஈடாகும். 0.05 மில்லிமீட்டர் பிழை 1.6 மீட்டராகவும், 0.1 மில்லிமீட்டர் பிழை 3.3 மீட்டராகவும் நிலத்தில் வெளிப்படும்.

அளக்கும் முறை

தேவையான கருவிகள் இரண்டு: ஆடிகள் பொருத்திய திண்மக்காட்டி, மற்றும் பாரலாக்ஸ் பார் எனப்படும் இடமாறு அளவுகோல். அளவுகோலின் இரு முனைகளிலும் ஒவ்வொரு கண்ணாடித் தகடு உண்டு. ஒவ்வொன்றிலும் ஒரு சிறு புள்ளி பொறிக்கப்பட்டிருக்கும். ஒரு தகட்டை நுண்ணளவித் திருகு கொண்டு இடவலமாக நகர்த்தலாம். செய்முறை வருமாறு:

1. ஒவ்வொரு படத்தின் விளிம்புக் குறிகளையும் இணைத்து முதன்மைப் புள்ளி குறிக்கப்படும்.
2. ஒவ்வொரு முதன்மைப் புள்ளியும் மற்றப் படத்தில் விழும் இடம் கண்டு குறிக்கப்படும். இவ்விரண்டையும் இணைக்கும் கோடே பறப்புக் கோடு ஆகும்.
3. இரு படங்களின் பறப்புக் கோடுகளும் ஒரே நேர்க்கோட்டில் அமையுமாறு வைத்து, முப்பரிமாணக் காட்சி தெளிவாகும்வரை இடைவெளியைச் சரிசெய்து, படங்கள் மேசையில் ஒட்டப்படும்.
4. அளவுகோலின் இரு புள்ளிகளும் இரு படங்களிலும் ஒரே நிலப்புள்ளியின்மேல் வைக்கப்படும். திண்மக்காட்டி வழியே பார்க்கும்போது இரண்டும் இணைந்து ஒரே புள்ளியாக, காற்றில் மிதப்பதுபோலத் தோன்றும். இது மிதக்கும் புள்ளி எனப்படும்.
5. திருகைச் சுழற்ற, மிதக்கும் புள்ளி மேலும் கீழும் நகர்வதாகத் தோன்றும். அது நிலத்தைச் சரியாகத் தொடும் கணத்தில் அளவீடு குறிக்கப்படும்.

ஒவ்வொரு புள்ளியையும் சிலமுறை அளந்து சராசரி காண்பது நலம். இடப்படத்தையும் வலப்படத்தையும் மாற்றி வைத்துவிட்டால் குன்று குழியாகவும் ஓடை மேடாகவும் தோன்றும். ஓடைகள் முகட்டின்மேல் ஓடுவதாகத் தெரிந்தால் படங்கள் இடம்மாறியுள்ளன என உடனே அறியலாம்.

ஒற்றைப் படத்தில் உயரம்

ஒரே படத்திலும் உயரத்தின் தடயம் உண்டு. உயரமான பொருள்களின் உச்சி, படத்தின் நடுவிலிருந்து வெளிநோக்கிச் சாய்ந்து விழும். நடுவிலிருந்து உச்சியின் தூரத்தை உயரத்தால் பெருக்கிப் பறப்பு உயரத்தால் வகுத்தால் இச்சாய்வின் நீளம் கிடைக்கும். மேற்கண்ட எடுத்துக்காட்டில் நடுவிலிருந்து 80 மில்லிமீட்டர் தள்ளியுள்ள 200 மீட்டர் குன்றின் உச்சி 5.3 மில்லிமீட்டர், அதாவது படத்தின் அளவுத்திட்டப்படி நிலத்தில் நூறு மீட்டருக்கும் மேல், இடம் தள்ளித் தெரியும். திருத்தப்படாத வான்படத்தை நேரடியாக நிலப்படமாகக் கொண்டு எல்லை குறிக்கக் கூடாது என்பதற்கு இதுவே காரணம்.

அடியும் உச்சியும் ஒருங்கே தெரியும் புகைபோக்கி, கோபுரம் போன்றவற்றின் உயரத்தை இவ்வாறு ஒற்றைப் படத்தில் அளக்கலாம். குன்றின் உச்சிக்கு நேர்கீழே உள்ள புள்ளி கண்ணுக்குத் தெரியாததால், அதற்குப் படச்சோடி இன்றியமையாதது.

பிழைகள்

சாய்வு: வானூர்தி முற்றிலும் மட்டமாகப் பறப்பதில்லை. மேற்கண்ட எடுத்துக்காட்டில் ஒரு படம் பறப்புத் திசையில் ஒரு பாகை சாய்ந்தால், நடுவுக்கும் 92 மில்லிமீட்டர் தள்ளியுள்ள புள்ளிக்கும் இடையே ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் போலி இடமாறு உண்டாகும். அது 30 மீட்டருக்கும் மேற்பட்ட போலி உயரமாகும். தட்டையான சமவெளி வளைந்த தட்டுப்போலத் தோன்றும். அளக்கும் கையின் நடுக்கத்தைவிட இப்பிழையே பெரியது.

பறப்பு உயர மாற்றம்: இரு படங்களும் சற்றே வேறுபட்ட உயரங்களில் எடுக்கப்பட்டால் அவற்றின் அளவுத்திட்டம் வேறுபட்டு, இடமாறு பிறழும்.

படத்தாள் சுருக்கம்: ஈரத்தாலும் வெப்பத்தாலும் அச்சுத்தாள் சுருங்கி விரியும். எனவே நுட்பமான பணிகளுக்குக் கண்ணாடித் தகட்டிலோ நிலையான படச்சுருளிலோ எடுத்த படிகளைப் பயன்படுத்தினர்.

தாவர மூட்டம்: வான்படம் காண்பது மரத்தின் மேற்பரப்பையே. மாந்தோப்பிலும் அடர்ந்த காட்டிலும் மிதக்கும் புள்ளி இலைத்தொகுதியின்மேல் அமரும், மண்ணின்மேல் அன்று. மரங்களுக்கிடையே தெரியும் வெற்றிடத்தைத் தேடி அளக்க வேண்டும்.

கண்ணின் திறன்: இரு கண்களின் பார்வை ஒத்திராத சிலருக்கு முப்பரிமாணக் காட்சி கிட்டுவதில்லை.

இப்பிழைகளைத் திருத்த, ஒவ்வொரு படச்சோடியிலும் உயரம் முன்பே அறிந்த சில புள்ளிகள் தேவை. இவை கட்டுப்பாட்டுப் புள்ளிகள் எனப்படும். மட்டமானி கொண்டு நிலத்தில் அளந்த உயரத்தையும் இடமாற்றால் பெற்ற உயரத்தையும் இப்புள்ளிகளில் ஒப்பிட்டு, இடைப்பட்ட இடங்களுக்குத் திருத்தம் கணிப்பர். நிலத்தில் இறங்கி அளக்காமல் வானிலிருந்து மட்டும் நம்பத்தக்க உயரம் பெற முடியாது என்பது இம்முறையின் அடிப்படை வரம்பு ஆகும்.

நீர்ப்பாசனத் திட்டங்களில் இதன் இடம்

பாலக்கோடு வட்டம் மழை குறைந்த, ஏரிகளை நம்பியுள்ள வேளாண் பகுதி. சின்னாறு பஞ்சப்பள்ளியில் அணையால் தேக்கப்பட்டு, பின் ஒகேனக்கல் அருகே காவிரியில் சேர்கிறது. தென்பெண்ணையாற்றின் நீரை அலியாளம் அணைக்கட்டிலிருந்து தூள்செட்டி ஏரிக்கும், எண்ணேகொல்புதூரிலிருந்து தும்பலஅள்ளி அணைக்கும் கொண்டுவரும் கால்வாய்த் திட்டங்கள் இவ்வட்டாரத்தில் நெடுங்காலமாகப் பேசப்படுபவை. இத்தகைய எந்தத் திட்டத்திலும் முதற்கேள்வி ஒன்றே: நீர் தானாக ஓடுமா, அல்லது இறைக்க வேண்டுமா?

புவியீர்ப்பால் நீர் ஓடும் கால்வாயின் சரிவு மிகச் சிறியது. 4,000 மீட்டருக்கு ஒரு மீட்டர் சரிவு எனக் கொண்டால், 10 கிலோமீட்டரில் நீர் இறங்குவது 2.5 மீட்டர் மட்டுமே. மேலே கண்ட படச்சோடியில் 0.05 மில்லிமீட்டர் அளவீட்டுப் பிழையே 1.6 மீட்டர் ஆகும். தொடக்கப் புள்ளியில் ஒரு புறமும் முடிவுப் புள்ளியில் மறுபுறமும் அப்பிழை நேர்ந்தால், மொத்தம் 3.2 மீட்டர் ஆகும். உண்மையில் இறங்கும் வழி ஏறும் வழியாகக் கணக்கில் தெரியலாம், ஏறும் வழி இறங்குவதாகவும் தெரியலாம். பின்னதை நம்பி வெட்டிய கால்வாயின் கடைமடைக்கு நீர் வராது.

நீர்த்தேக்கத்தின் கொள்ளளவும் இவ்வாறே. 100 எக்டேர் பரப்புள்ள நீர்ப்பிடிப்பில் உயரம் ஒரு மீட்டர் பிழைத்தால், கொள்ளளவு 10 இலட்சம் கன மீட்டர், அதாவது ஏறத்தாழ 35 மில்லியன் கன அடி பிழைக்கும். நீரில் மூழ்கப்போகும் நிலம் எது, தப்பும் நிலம் எது என்னும் எல்லையும் அதனோடு நகரும்.

எனவே பணிகள் படிநிலைகளாகப் பிரிக்கப்படுகின்றன. நீர்பிரி முகடுகள், கணவாய்கள், ஓடைகளின் போக்கு, சாத்தியமான இரண்டு மூன்று வழித்தடங்கள் ஆகியவற்றைப் பரந்த பரப்பில் விரைவாகக் கண்டறிய வான்படச் சோடி மிகவும் ஏற்றது. காலால் நடந்து பல மாதங்களில் காண்பதை மேசையில் சில நாட்களில் காணலாம். தேர்ந்தெடுத்த வழித்தடத்தின் படுகை மட்டத்தை மட்டமானியும் அளவுச்சட்டமும் கொண்டு நிலத்தில் அளந்தே முடிவு செய்ய வேண்டும்.

இந்திய நில அளவைத் துறையின் 1:50,000 அளவுத்திட்ட நிலப்படங்களில் சமவுயரக் கோடுகள் பொதுவாக 20 மீட்டர் இடைவெளியில் வரையப்படுகின்றன. பாலக்கோடு நகரம் பழைய எண் முறைப்படி 57எல்/3 என்னும் தாளில் அடங்கும். இரு கோடுகளுக்கு இடைப்பட்ட நிலத்தின் ஏற்ற இறக்கத்தை அத்தாளிலிருந்து மட்டும் அறிய இயலாது.

பிற்கால வளர்ச்சி

மேசையில் வைத்து அளக்கும் அளவுகோலுக்கு அடுத்து, படச்சோடியின் சாய்வை ஒளியியல் முறையிலும் இயந்திர முறையிலும் மீட்டமைத்து நேரடியாகச் சமவுயரக் கோடு வரையும் கருவிகள் வந்தன. 1957இல் உக்கி ஹெலவா, இம்மீட்டமைப்பைக் கணினியின் கணக்கீட்டால் செய்யும் கருவியை முன்மொழிந்தார். பின்னர் படங்களே எண்ணிம வடிவம் பெற்றன. இன்று மிதக்கும் புள்ளியைக் கண்ணால் தொடவைக்கும் வேலையைக் கணிநிரல் செய்கிறது. இடப்படத்தின் ஒரு சிறு படவணுத் தொகுதியை எடுத்து, வலப்படத்தில் அதனோடு மிகவும் ஒத்த தொகுதியைத் தேடி, இரண்டின் இட வேறுபாட்டை இடமாறாகக் கொள்கிறது. வெறும் மணல், நீர்ப்பரப்பு போன்று அடையாளமற்ற இடங்களில் நிரல் தடுமாறும்.

2005 மே 5 அன்று இந்திய விண்வெளி ஆய்வு மையம் திருவரிக்கோட்டாவிலிருந்து ஏவிய கார்ட்டோசாட்-1 செயற்கைக்கோள், முன்னோக்கி 26 பாகையும் பின்னோக்கி 5 பாகையும் சாய்ந்த இரு படக்கருவிகளால் ஒரே நிலத்தை ஒரு நிமிடத்துக்கும் சற்றுக் குறைவான இடைவெளியில் இருமுறை படமெடுத்தது. அதன் அடி-உயர விகிதம் ஏறத்தாழ 0.62. நம் எடுத்துக்காட்டில் 1.84 கிலோமீட்டரை 3 கிலோமீட்டரால் வகுத்தாலும் ஏறத்தாழ 0.61 கிடைக்கிறது. உயரம் 600 கிலோமீட்டருக்கும் மேலானாலும் வடிவியல் ஒன்றே. அதன் படவணு நிலத்தில் 2.5 மீட்டர்; ஒரு படவணு இடமாறு ஏறத்தாழ 4 மீட்டர் உயரத்தைக் குறிக்கும்.

ஆளில்லா வானூர்திகள் நூறு மீட்டர் அளவிலான உயரத்தில் பறந்து, 70 முதல் 80 விழுக்காடு வரை மேற்பொருந்தும் நூற்றுக்கணக்கான படங்களை எடுக்கின்றன. 2020இல் நடுவண் அரசு தொடங்கிய சுவாமித்துவா திட்டத்தில் ஊரகக் குடியிருப்புகள் இவ்வாறு படமாக்கப்பட்டன. முன்பு வான்படம் எடுக்கவும் பெறவும் பாதுகாப்பு அமைச்சகத்தின் இசைவு உள்ளிட்ட பல கட்டுப்பாடுகள் இருந்தன. 2021 பிப்ரவரியில் வெளியான புவியிடத் தரவு வழிகாட்டு நெறிகள் இந்தியர்களுக்கும் இந்திய நிறுவனங்களுக்கும் அவற்றைப் பெரிதும் தளர்த்தின. பறப்பு உயரம் குறைந்ததால் நுட்பம் சென்டிமீட்டர் அளவை எட்டியுள்ளது. எனினும் கட்டுப்பாட்டுப் புள்ளிகளின் தேவையும், மரத்தின் மேற்பரப்பை நிலமாகக் கொள்ளும் பிழையும் அன்றுபோல் இன்றும் தொடர்கின்றன. மர இடைவெளிகளில் ஊடுருவி மண்ணைத் தொடும் லேசர் அளவை முறை அடர்ந்த காடுகளில் இடமாறு முறைக்கு மாற்றாகப் பயன்படுகிறது.